ஓடுகிறது, வேலை நடக்கிறதா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, உந்துவப் பௌர்ணமி தினம். அன்றைய இலங்கை நேரப்படி காலை 6 மணி 58 நிமிடத்துக்குச் சுமாத்ராவுக்கு மேற்கே கடலடி நிலம் பிளந்தது. அதன் முதல் அதிர்வு நான்கு நிமிடத்துக்குள் கண்டிக்குக் கிழக்கே உள்ள பல்லேகலையை எட்டிவிட்டது. அங்கிருந்த நில அதிர்வுமானி தன் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பின்னால் வந்த மேற்பரப்பு அலைகள் தரையை மேலும் கீழுமாக 9.2 சென்டிமீட்டர் அசைத்ததைக்கூட அது பதிந்து வைத்தது. உலக அறிஞர்கள் அந்த 9.1 அளவுள்ள பூகம்பத்தை ஆராயும்போது இன்றும் எடுத்துப் பார்க்கும் பதிவுகளில் அது ஒன்று.

கிழக்குக் கரையைக் கடல் ஏறி மிதித்தது சுமார் இரண்டு மணி நேரம் கழித்து. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இலங்கையில் மாண்டார்கள்.

பல்லேகலை நிலையம் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் பொறுப்பில் உள்ளது. ஆனால் அது ஒற்றை நிலையம் அல்ல. உலகெங்கும் சுமார் 150 இடங்களில் பரவிய உலக நில அதிர்வு வலையமைப்பின் ஒரு கண்ணி. பதிவுகள் அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழுவின் வழியாக உலக ஆவணக் காப்பகத்துக்குப் போகும். கருவி நின்றால் அங்கே தெரியும், திருத்த ஆள் ஏற்பாடாகும். அந்தப் பதிவை அந்த நிமிடமே படித்து, கரையோரத்துக்குச் செய்தி அனுப்பும் பொறுப்புதான் அன்று நாட்டில் எந்த அலுவலகத்துக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் பூகம்பம் நடந்த 15 நிமிடத்தில் முதல் அறிவிப்பை வெளியிட்டது. அதுவும் பசிபிக் நாடுகளுக்கான அறிவிப்பு. இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை முறை எதுவும் இருக்கவில்லை.

கணினி இயக்குபவர்களின் மொழியில் சொன்னால், ப்ரோசஸ் (இயங்கும் நிரல்) ஓடிக்கொண்டிருந்தது, சேவை இருக்கவில்லை. சேர்வர்களைக் காவல் காக்கும் தொழிலின் அரை நூற்றாண்டு வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்க எடுத்த முயற்சிதான். அந்த வரலாற்றின் இலங்கைப் பக்கத்தில் கணிசமான பங்கு கண்டியைச் சுற்றிய பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

மலையகத்தாருக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆட்பதிவுக்கு, போனவர்களின் பேரைக் கணக்கப்பிள்ளை செக்ரோலில் பதிவார். வந்தவர் எத்தனை பேர் என்பதற்கு அது சாட்சி. அன்று எவ்வளவு கொழுந்து இறங்கியது என்பதைத் தராசுதான் சொல்லும். பேர்ப்பதிவோடு நின்றுவிட்டால் ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, இலை வராது.

கணினியில் இந்தப் பேர்ப்பதிவு 1970களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸின் மூன்றாம் பதிப்புக் கையேடு 1973இல் வந்தது. ‘பிஎஸ்’ என்ற கட்டளை அதில் இருக்கிறது. எந்தெந்த ப்ரோசஸ் உயிரோடு இருக்கிறது, அதன் இலக்கம் என்ன என்பதை அது வரிவரியாக எழுதிக் காட்டும். எல்லாவற்றுக்கும் மூத்ததான ‘இனிட்’டுக்கு இலக்கம் 1. மற்றவை அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ‘கிரோன்’ வந்தது. குறித்த நேரத்துக்குக் குறித்த வேலையை அதுவே செய்யும். இந்த இரண்டையும் சேர்த்ததும் காவல்காரன் பிறந்துவிட்டான்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியலை எடு, தேவையான பெயர் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் திரும்பக் கிளப்பு.

எளிமையான அந்த ஏற்பாட்டில் ஒரு கோமாளித்தனம் ஒளிந்திருந்தது. பட்டியலில் ஒரு பெயரைத் தேட ‘கிரெப்’ என்ற கருவியை ஏவினால், தேடும் பெயரைத் தன் கட்டளை வரியில் சுமந்துகொண்டு கிரெப்பும் ஒரு ப்ரோசஸாகப் பட்டியலில் ஏறிவிடும். மெயில் சேவை செத்துக் கிடக்கும். காவல் ஸ்கிரிப்டோ ‘ஒரு வரி இருக்கிறது, எல்லாம் நலம்’ என்று எழுதி வைக்கும். அது கண்டது தன் நிழலைத்தான். தேடும் சொல்லின் முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டு இதைத் தவிர்க்கும் தந்திரத்தைப் பழைய யுனிக்ஸ் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். 1990களின் கடைசியில் சோலாரிஸில் ‘பிகிரெப்’ வந்தது. லினக்ஸும் பிறகு அதை ஏற்றுக்கொண்டது. அதன்பின் அந்தத் தொல்லை ஓய்ந்தது.

அடுத்த கேள்வி, தூரத்தில் இருக்கும் இயந்திரம் உயிரோடு இருக்கிறதா என்பது. அமெரிக்க இராணுவத்தின் எறிபொருளியல் (பலிஸ்டிக்) ஆய்வுகூடத்தில் வேலை செய்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் ‘பிங்’கை எழுதினார். வலையமைப்பில் ஏற்பட்ட ஏதோ கோளாறைப் பிடிப்பதற்காக ஓர் இரவில் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனாரின் எதிரொலியை நினைத்து அந்தப் பெயரை வைத்தார். ஒரு பொட்டலத்தை அனுப்பு, திரும்பி வருகிறதா பார், எத்தனை மில்லிசெக்கன் ஆனது என்று எழுது: உலகில் இன்றைக்கும் மிகப் பரவலாகப் பயன்படும் காவல் கருவிகளில் இது ஒன்று. ஆனால் பதில் சொல்வது இயங்குதளத்தின் கரு. மேலே ஓடும் இணையத்தளமோ தரவுத்தளமோ உறைந்து போயிருந்தாலும் பிங்குக்குப் பதில் வரும்.

இலங்கையில் இந்தக் கருவிகளுக்கு வேலை வந்தது 1990களில். நாட்டின் ‘.எல்கே’ பெயர்வெளி 1990இலிருந்து மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிஹான் டயஸின் பொறுப்பில் நிர்வகிக்கப்பட்டது. அதே காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அபய இந்துருவ, பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்புத் திட்டத்தை முன்னெடுத்தார். ‘லேர்ன்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் லங்கா கல்வி, ஆய்வு வலையமைப்பு அப்படித்தான் முளைத்தது. முதலில் வந்தது லேர்ன்மெயில் என்ற மின்னஞ்சல் சேவை. நாட்டின் முதல் வணிக இணைய நிறுவனம் 1995இல்தான் கடை திறந்தது. அதற்கு முன் இலங்கை விரிவுரையாளர் வெளிநாட்டு நண்பருக்கு எழுதிய மின்மடல் தொலைபேசி வழியாக, மோடத்தின் கீச்சொலியோடு, கட்டுக்கட்டாகப் போய் வந்தது.

அந்த முறையில் மடல்கள் முதலில் ஒரு கோப்புறையில் குவியும். குறித்த நேரத்தில் கணினி மோடத்தை எழுப்பி, மறுமுனைக் கணினியை அழைத்து, குவிந்ததை ஒப்படைத்து, வந்ததை வாங்கிக்கொள்ளும். இங்கே காவல் காப்பது எப்படி? மடலை வாங்கி அடுக்கும் ப்ரோசஸ் பட்டியலில் இருக்கும். மோடம் வெளிச்சம் காட்டும். தொலைபேசி இணைப்பு மட்டும் மழைக்கு இரைந்து அறுந்திருக்கும். அனுபவப்பட்ட நிர்வாகி ப்ரோசஸ் பட்டியலைப் பார்க்கமாட்டார். குவிந்த மடல்களின் எண்ணிக்கையையும் மிகப் பழைய மடலின் வயதையும் பார்ப்பார். வரிசை நீண்டுகொண்டே போனால் எங்கோ அடைப்பு. இன்றைய கண்காணிப்பு மென்பொருள்கள் ‘வரிசை நீளம்’, ‘தாமதம்’ என்று வரைபடம் போடுவது இதே அறிவைத்தான்.

லேர்ன் வளர்ந்து நாடு முழுவதும் பரவியபோது அதன் நிர்வாக மையம் பேராதனையில் அமைந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத் தகவல் தொழில்நுட்ப மையத்தின் முகவரியில்தான் இன்று அது இயங்குகிறது. மகாவலியின் கரையில், 1821இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து உருகுணை வரை பல்கலைக்கழகங்களின் இணைப்புகளை அது கவனிக்கிறது. தலைநகரில் இல்லாமல் மலைநாட்டில் இப்படியொரு கட்டுப்பாட்டு மையம் இருப்பது இலங்கையில் அபூர்வம்.

பல்கலைக்கழக வலையமைப்புகள் லினக்ஸையே பெரிதும் நம்பின. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட அந்த இயங்குதளத்துக்கு உரிமக் கட்டணம் இல்லை. பழைய கணினியிலும் ஓடும். மாணவர்கள் பிரித்துப் பார்க்கலாம். அதோடு இலவசக் காவல் கருவிகளும் வந்து சேர்ந்தன. 1995இல் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய ‘எம்ஆர்டிஜி’, இணைப்பில் எவ்வளவு தரவு போகிறது என்பதைப் பச்சை நீல மலைத்தொடராக வரைந்து காட்டியது. 1996இல் வந்த ‘பிக் பிரதர்’ சேர்வர்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறப் புள்ளி வைத்தது. பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் ஓடு.

1999இல் ஈதன் கால்ஸ்டாட் ‘நெட்செயின்ட்’டை வெளியிட்டார். வணிகப் பெயர்ச் சிக்கலால் 2002இல் அது ‘நாகியோஸ்’ ஆனது. அதன் முக்கியமான அம்சம், கேள்வி கேட்பதை வெளியே பிரித்துச் சிறு சிறு நிரல்களிடம் ஒப்படைத்தது. ஒரு நிரல் ப்ரோசஸ்களை எண்ணும். இன்னொன்று இணையத்தளத்தின் பக்கத்தை உண்மையாகவே கேட்டு வாங்கி, அதில் எதிர்பார்த்த சொல் இருக்கிறதா என்று பார்க்கும். மற்றொன்று வட்டில் மிச்சமுள்ள இடத்தை அளக்கும். ஒவ்வொரு நிரலும் ஓர் எண்ணோடு முடியும்: 0 நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. இந்த நான்காவது விடையைப் பலர் அலட்சியப்படுத்தினார்கள். உண்மையில் காவல் தொழில் முதிர்ந்ததன் அடையாளம் அதுதான். கேட்டவனுக்குப் பதில் வரவில்லை என்பதை ‘நலம்’ என்ற பெட்டியிலும் போடக்கூடாது, ‘ஆபத்து’ என்ற பெட்டியிலும் போடக்கூடாது.

செத்த ப்ரோசஸைத் திரும்ப எழுப்புவதில் வேறொரு சங்கடம் இருந்தது. பழைய முறையில் ஒரு சேவை கிளம்பியதும் தன் இலக்கத்தை ஒரு கோப்பில் எழுதிவிட்டுப் பின்னணிக்குப் போய்விடும். மின்சாரம் போய் இயந்திரம் சட்டென்று அணைந்தால் அந்தக் கோப்பு சில வேளை அழியாமல் கிடக்கும். மீண்டும் கிளம்பும்போது அதே இலக்கம் வேறு ஏதோ ப்ரோசஸுக்குப் போயிருக்கலாம். காவல் ஸ்கிரிப்ட் கோப்பைப் படித்து, அந்த இலக்கம் உயிரோடிருப்பதைக் கண்டு, திருப்தியோடு திரும்பிவிடும். ஆள் மாறியது அதற்குத் தெரியாது. 1990களின் பிற்பகுதியில் கணித அறிஞர் டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய ‘டீமன்டூல்ஸ்’ இதைத் தலைகீழாக்கியது. சேவையைப் பின்னணிக்குப் போக விடாமல், ஒரு மேற்பார்வை ப்ரோசஸ் அதைத் தன் நேரடிப் பிள்ளையாகவே வைத்திருக்கும். பிள்ளை இறந்தால் பெற்றோருக்கு இயங்குதளமே செய்தி சொல்லும்; ஊகிக்கத் தேவையில்லை. லெனார்ட் பொட்டரிங்கும் கே ஸீவர்ஸும் 2010இல் தொடங்கிய ‘சிஸ்டம்டி’ இந்த எண்ணத்தை லினக்ஸின் அடித்தளத்துக்கே கொண்டுபோயிற்று. இன்று பெரும்பாலான லினக்ஸ் சேர்வர்களில் இலக்கம் 1 அதுதான். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால், எப்போதிருந்து ஓடுகிறது, எந்தெந்தப் பிள்ளைகள், கடைசியாக என்ன புலம்பியது என்பதெல்லாம் ஒரே திரையில் வரும். சேவை இத்தனை செக்கனுக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கொன்று திரும்பக் கிளப்பு என்றும் அதனிடம் சொல்லி வைக்கலாம்.

இனிப் பல்லேகலையின் அடுத்த அத்தியாயம். சுனாமி நாட்டின் நிர்வாகத்தை உலுக்கியது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. கடலின் மறுபுறத்தில் ஜெர்மனியின் பொட்ஸ்டாம் புவியியல் ஆய்வு மையம் இந்தோனேசியாவுக்காக ஓர் எச்சரிக்கை அமைப்பைக் கட்டத் தொடங்கியது. அந்த வேலையில் உருவானது ‘சைஸ்காம்ப்’ மென்பொருளின் மூன்றாம் தலைமுறை. லினக்ஸில் ஓடும் இது, பல நிலையங்களின் பதிவை ஒரே நேரத்தில் வாங்கி, எங்கே, எவ்வளவு பெரிது என்று சில நிமிடத்தில் கணிக்கும். இந்து சமுத்திர நாடுகள் பலவற்றின் எச்சரிக்கை மையங்களில் அது இடம்பிடித்தது. இலங்கையிலும் நிலையங்கள் பெருகின. பல்லேகலையோடு ஹக்மன, மகாகனதராவ, புத்தங்கல ஆகிய இடங்களிலும் அதிர்வுமானிகள் வந்தன. அவற்றில் ஹக்மனயும் மகாகனதராவயும் பொட்ஸ்டாம் மையத்தின் ‘ஜியோஃபோன்’ வலையமைப்பில் சேர்ந்தவை.

இத்தகைய நிலையத்தின் பதிவு வெளியே போவது ‘சீட்லிங்க்’ என்ற சேவை வழியாக. அதிர்வுத் தரவு சிறு சிறு பொட்டலங்களாகி, ஒவ்வொன்றும் வரிசை எண் பெற்று, வட்டில் ஒரு சுழல் சேமிப்பில் இருக்கும். இணைப்பு அறுந்து மீண்டால், எதிர்முனை ‘இந்த எண்ணுக்குப் பிறகுள்ளதைக் கொடு’ என்று கேட்டு விட்ட இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். வரலாற்றுப் பதிவுக்கு இது போதும். எச்சரிக்கைக்குப் போதாது: இரண்டு மணி நேரம் தாமதமாக முழுமையாக வந்த தரவு, கடல் ஏறிய பிறகு வந்த தரவு. ஆகவே இங்கே காவல் காப்பவர் கேட்கும் முதல் கேள்வி ‘சீட்லிங்க் ஓடுகிறதா’ அல்ல, ‘கடைசிப் பொட்டலம் வந்து எத்தனை செக்கன்’ என்பது. சைஸ்காம்போடு வரும் ஒரு கருவி, நிலையங்களை அட்டவணையாக்கி, இந்தத் தாமதத்துக்கேற்ப நிறம் பூசிக் காட்டும். ப்ரோசஸ்களைக் காக்கும் வழியும் அதிலேயே உண்டு: ‘சைஸ்காம்ப் செக்’ என்ற கட்டளை, ஓடவேண்டியவற்றில் எது நின்றுவிட்டது என்று பார்த்துத் திரும்பக் கிளப்பும். அதைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஏவுவது 1979இல் பிறந்த அதே கிரோன்தான்.

அதிர்வுமானிக்கு இயற்கை கொடுத்த சலுகையும் ஒன்று உண்டு. பூகம்பமே இல்லாத நாளிலும் அதன் கோடு நேராக இருப்பதில்லை. சமுத்திர அலைகள் ஒன்றோடொன்று மோதியும் கரையில் அடித்தும் எழுப்பும் மெல்லிய நடுக்கம், ஐந்து முதல் இருபது செக்கன் இடைவெளியில், பூமியெங்கும் ஓயாமல் பரவிக்கொண்டேயிருக்கும். கடலிலிருந்து மைல் கணக்கில் தள்ளி மலைக்கு நடுவே இருக்கும் பல்லேகலையிலும் அது தெரியும். அப்படியானால், கோடு தட்டையாகிவிட்டால் பூமி அமைதியாகிவிட்டது என்று பொருளில்லை. கருவியோ கேபிளோ செத்துவிட்டது. ப்ரோசஸ் ஓடலாம், பொட்டலம் நேரத்துக்கு வரலாம், உள்ளே இருப்பது வெறும் பூச்சியமாக இருக்கலாம். கடலின் இரைச்சல் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் ஏமாற வழியில்லை. ஒரு சேவை ‘நலம்’ என்று சொல்வதை நம்பாமல், அது உண்மையில் எதைத் தருகிறது என்று பார்க்கும் சோதனைக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கணினி உலகில் கிடைப்பது கடினம்.

புதிய ஏற்பாடுகள் 2012 ஏப்ரல் 11 அன்று தேர்வெழுதின. சுமாத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூகம்பம். எச்சரிக்கை வெளியானது, கரையோர மக்கள் மேட்டுக்கு நகர்ந்தார்கள். நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நழுவிய பூகம்பம் என்பதால் பெரிய அலை எழவில்லை. மாலைக்குள் எச்சரிக்கை விலக்கப்பட்டது. அலை வராததை வைத்து அந்த எச்சரிக்கையைத் தோல்வி என்று சொல்ல முடியாது. 2004இல் இல்லாமலிருந்த சேவை அன்று இருந்தது.

கண்டிக்காரருக்கு நில அதிர்வு வீட்டு வாசலுக்கே வந்தது 2020இல். ஆகஸ்ட் 29 இரவு ஹாரகம, அநுரகம பக்கத்தில் மக்கள் சத்தத்தோடு ஓர் ஆட்டத்தை உணர்ந்தார்கள். நவம்பரில் திகனப் பகுதியிலும் சிறு அதிர்வுகள். பக்கத்தில் விக்டோரியா அணை. பழைய தெல்தெனிய நகரை நீருக்குள் அனுப்பி, 122 மீட்டர் உயரத்தில் எழுந்து, 1985இல் திறக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தின் பாரமா, சுண்ணக்கல் அகழ்வா என்று ஊரே பேசியது. புவிச்சரிதவியல் பணியகம் தன் நிலையங்களின் பதிவுகளைப் புரட்டியது. பெரும் பூகம்பத்துக்கு உலகமே சாட்சி. இத்தனை சிறிய அதிர்வுக்குப் பக்கத்து நிலையங்கள்தான் சாட்சி. அந்த நாளில் அவற்றில் ஒன்று ஊமையாக இருந்தால் கணிப்பின் துல்லியம் குறைந்துவிடும். நிலையம் ஓடுகிறதா என்ற கேள்வி அன்று கண்டி மக்களின் கேள்வியாகவும் ஆனது.

அதே ஆண்டு பேராதனைக்கும் ஒரு சோதனை வைத்தது. மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைகள் சில நாட்களிலேயே திரைக்கு மாறின. லேர்ன் வழியாக ஸூம் வகுப்புகள் நடந்தன. பல்கலைக்கழகச் சேர்வர்களுக்கான தரவுக்கு மாணவர்களிடம் கட்டணம் வாங்காமலிருக்கத் தொலைபேசி நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன. அதுவரை வளாகத்துக்குள் ஓடிய பாட மேலாண்மைத் தளங்கள் திடீரென்று நாடெங்கும் உள்ள கைத்தொலைபேசிகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. இந்த இடத்தில் ப்ரோசஸ் பட்டியல் எதையும் காட்டாது. இணைய சேர்வர் ஓடும், தரவுத்தளம் ஓடும், பிங்குக்குப் பதில் வரும். தரவுத்தள இணைப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டுவிட்டதால் வினாத்தாளைத் திறக்க முடியாமல் மாணவர் திண்டாடுவார். அப்படியான நேரத்துக்கு ஏற்றது, மாணவரைப் போலவே ஒரு நிரல் தளத்தில் நுழைந்து, பக்கத்தைத் திறந்து, எத்தனை செக்கன் ஆனது என்று அளப்பது. லேர்ன் பல்கலைக்கழக நிர்வாகிகளுக்கு நடத்தும் பயிற்சிப் பட்டறைகளில் பெயர்வெளி, மின்னஞ்சல் போன்ற பாடங்களோடு ‘லிப்ரஎன்எம்எஸ்’ போன்ற கண்காணிப்பு மென்பொருளும் இடம்பெற்று வந்திருக்கிறது. 2013இல் வேறொரு திட்டத்திலிருந்து கிளைத்த திறமூல மென்பொருள் அது. ரவுட்டர், சுவிட்ச், சேர்வர் எல்லாவற்றையும் தானே தேடிப் பிடித்து வரைபடம் போடும்.

பிறகு 2022 வந்தது. பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு ஏறிக்கொண்டே போய், மார்ச் 31 அன்று 13 மணி நேரத்தைத் தொட்டது. ஆங்கில எழுத்து வாரியாகப் பிரிக்கப்பட்ட வலயங்களில் எது எப்போது இருளும் என்ற அட்டவணையைப் பார்த்தே நாடு சமைத்தது, படித்தது. சேர்வர் அறைகளுக்கு அது வேறு விதமான பாடம். யுபிஎஸ் பற்றரி சில நிமிடம் தாங்கும், ஜெனரேற்றருக்கு டீசல் கிடைக்காது. பற்றரியின் மிச்ச நிமிடங்களைச் சேர்வருக்குச் சொல்லி, நேரம் தீருமுன் அதை ஒழுங்காக அணைக்கும் லினக்ஸ் மென்பொருள்கள் நெடுங்காலமாக உண்டு. அந்த மாதங்களில் அவற்றின் அருமை புரிந்தது. சட்டென்று இருண்டால் தரவுத்தளம் சிதையும். முறையாக உறங்க வைத்தால் விழித்ததும் வேலை செய்யும்.

2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்தொடர்பில் பட்டு நாடு முழுவதும் இருண்டபோது இன்னொன்றும் விளங்கியது. காவல் காக்கும் சேர்வரும் காக்கப்படும் சேர்வரும் ஒரே அறையில், ஒரே மின்சாரத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஊமையாகும். சிவப்பு விளக்குக்கூட எரியாது. அதனால்தான் முக்கியமான காவலை வேறு ஊரில், முடிந்தால் வேறு நாட்டில் வைக்கிறார்கள். சில இடங்களில் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்கள்: காவலன் வந்து கேட்பதில்லை, சேர்வரே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியூருக்கு ‘இருக்கிறேன்’ என்று எழுதும். அந்த வரி வராவிட்டால் மறுமுனையில் தொலைபேசி ஒலிக்கும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்தப் பாடங்களையெல்லாம் மலையில் சோதித்துப் பார்த்தது. கண்டி மாவட்டம் மண்சரிவால் மிகக் கடுமையாக அடிபட்டது. மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் அறுந்தன. மண்சரிவு எச்சரிக்கையைத் தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. மலைச்சரிவுகளில் பொருத்திய தானியங்கி மழைமானிகள் தரவை அனுப்ப, அதை வாங்கும் கணினி கூட்டிப் பார்க்கிறது.

இங்கே அதிர்வுமானிக்குக் கிடைத்த சலுகை இல்லை. மழையில்லாத நாளில் மழைமானி சொல்லும் எண் பூச்சியம். தொலைபேசிக் கோபுரம் சாய்ந்து தொடர்பு அறுந்த மழைமானியின் இடத்திலும், கவனமில்லாமல் எழுதிய மென்பொருள் பூச்சியத்தையே போட்டுவிடும். அதுவும் எப்போது? மழை மிகக் கடுமையாகக் கொட்டி, மின்சாரத்தையும் கோபுரத்தையும் அது கொண்டுபோன அதே மணி நேரத்தில். ஆகவே இப்படியான தரவை வாங்கும் நிரல் ஒவ்வொரு எண்ணோடும் அது எழுதப்பட்ட நேரத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். நேரம் பழசாகிவிட்டால் எண்ணை மறைத்து, அந்த இடத்தை நாகியோஸின் ‘தெரியவில்லை’ என்ற நான்காவது பெட்டியில் போட வேண்டும். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய ‘புரொமீதியஸ்’ போன்ற புதிய கருவிகளில் தரவு வராமல் போனதையே ஒரு நிகழ்வாக எண்ணி அலாரம் அடிக்கத் தனி விதி இருக்கிறது. அந்தப் பெட்டியில் எத்தனை மழைமானிகள் விழுந்திருக்கின்றன, அவை ஒரே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவையா என்று பார்க்கும் அதிகாரிக்கு, மழை எங்கே அதிகம் என்பதற்கு அடுத்தபடியாக, எந்தக் கிராமத்துக்கு முதலில் ஆளை அனுப்ப வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலிலிருந்தே தெரியவரும்.